கை படாத வண்டி

வாங்க தம்பி, உக்காருங்க. பெங்களூருல இருந்து வெடியாலயே கெளம்பிட்டீங்களாட்ட இருக்குது. வண்டி அந்தா, அந்தத் தகரச் செட்டுக்குள்ளதான் நிக்குது. அது எங்கயும் ஓடிப் போயிராது. காபி குடிச்சுட்டுப் போய்ப் பாக்கலாம்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிப் போடறனுங்க. புடிச்சிருந்தா இன்னிக்குப் பொழுதுக்குள்ள எடுத்துட்டுப் போயிரோணும். நாளைக்கு லாரி அனுப்பறேன், அடுத்த வாரம் வாறேன்னு சொல்லக் கூடாது. நாளைக்கு என்ற தம்பி மருதாசலத்துக்குக் கருமாதி. அது முடிஞ்ச கையோட அவன் புள்ள பூங்கொடி இங்க வந்து நிப்பா. 'பெரீப்பா, அந்த வண்டிய எனக்குக் குடுத்துருங்க'ன்னு கேப்பாளாமா. இப்பவே ஆள் உட்டுச் சொல்லி அனுப்பியிருக்கறா. இல்லீன்னு சொல்றதுக்கு எனக்கொண்ணும் பயமில்லீங்க. ஆனா அந்தக் குட்டி அவங்கப்பன அப்புடியே உரிச்சு வெச்சிருக்கறா. அந்த மொகம் வந்து வாசல்ல நிக்கறதுக்குள்ள வண்டி போயிருச்சுன்னா எனக்கு நிம்மதி. வித்தாச்சு, போச்சுன்னு ஒரே பேச்சுல முடிச்சுக்கலாம்.

காபி வெச்சுட்டுப் போறாளே, அவதான் என்ற சம்சாரம், தெய்வான. பேசலீன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டு வாரமாவே வாயத் தொறக்கறதில்ல. பல்லு வலியாட்ட இருக்குது.

நீங்க போன்ல கேட்டீங்களே, பெயிண்ட் அடிச்சிருக்குதா, ஏதாச்சும் மாத்தியிருக்குதான்னு. நல்லாக் கேட்டுக்கங்க. ஒரு ஸ்குரூ மாத்தல. அமெரிக்காவுல கம்பெனிக்காரன் அடிச்ச பச்சப் பெயிண்ட் எங்கெங்க மிச்சமிருக்குதோ அங்கங்க அப்புடியே இருக்குது. மத்த எடத்துல துரு. சீட்டு கிழிஞ்சுதான் இருக்குது, தைக்கல. மேல்துணி தொங்குதுன்னா தொங்கட்டும்னு உட்டுட்டேன். பாகம் பிரிச்ச அன்னிக்கு அந்தச் செட்டுல ஏத்தி நிறுத்துனதுதான். அப்பறம் ஒரு மனுசன் கை படல. ஆயுத பூசைக்கு நான் போயி ஒரு பொட்டு வெச்சுட்டு வருவேன், அவ்வளவுதான். கை படாத வண்டிக்குத்தான் உங்கள மாதிரி ஆளுங்க கிட்ட மதிப்புன்னு ஹார்டுவேர் கடைக்காரன் சொன்னான். அவன்தான் போட்டோ புடிச்சு நெட்டுல போட்டது.

நீங்க மஸ்டாங்குன்னு சொல்றீங்க. இந்தப் பல்லடம் பக்கத்துல யாருக்கும் அந்தப் பேரு வாயில நொழையாது. முன்னால குதர பொம்ம இருக்குதுல்லங்க, அதனால குதரவண்டி. எங்கய்யன், அப்பாவத்தான் அப்புடிச் சொல்லுவோம், பருத்தியில கொட்ட பிரிக்கற ஜின்னிங் மில்லு வெச்சிருந்தாரு. பருத்திக்கொட்ட வெல பேசறதுக்கு மெட்ராசுக்குப் போனவரு, அங்க எவனோ ஒரு அமெரிக்காக்காரன் ஊருக்குத் திரும்பறப்ப உட்டுட்டுப் போன வண்டிய ஏலத்துல எடுத்துட்டு வந்து நிறுத்துனாரு. ஊரே திரண்டு வந்துச்சு. எங்கம்மா மட்டும், 'கொட்ட விக்கப் போன மனுசன் இத எதுக்கு வாங்கிட்டு வந்தாரு'ன்னு ஒப்பாரி வெச்சா.

எங்கய்யனுக்கு மடியில உக்கார வெச்சு ஓட்டக் கத்துக் குடுக்கறதுக்கு யாரு கெடச்சான்னு நெனைக்கறீங்க? மருதாசலம். எளையவன். நான் மில்லுல பருத்திப் பொதி எறக்கிட்டு, எடை போட்டுட்டு, ஆளுக கூட மல்லுக் கட்டிட்டுக் கெடப்பேன். அவன் வண்டிக்கடியில படுத்துக் கெடப்பான். தீவாளிக்குத் துணி எடுக்கக் கூப்புட்டா வரமாட்டான். சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. அந்த வண்டின்னா உசுரு.

எங்கய்யன் போன பொறவு பாகம் பிரிக்கோணும்னு ஆச்சு. எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. மூத்தவன் பங்கு வெப்பான், எளையவன் மொதல்ல எடுப்பான். மூத்தவன் ஏறக்கொறயப் பிரிச்சான்னா நல்லத எளையவன் எடுத்துட்டுப் போயிருவானல்ல, அந்தப் பயத்துல நாயமாப் பிரிப்பான்னு பெரியவங்க வெச்சது. எங்க தாய்மாமன் நடுவுல உக்காந்து, 'டேய் சென்னியப்பா, நீ மூத்தவன், பங்கு வெய்யி'ன்னாரு.

வெச்சேன். மனசறிஞ்சு சொல்றேன், நாயமாத்தான் வெச்சேன். ஒரு பங்குல மில்லும், மில்ல ஒட்டுன வீடும். இன்னொரு பங்குல மேக்க இருந்த மோட்டாங்காடு. மழ பேஞ்சா சோளம், இல்லீன்னா வெறும் கல்லு. அதோட அந்த ஓட்டு வீடு. அந்தப் பங்குக்குக் கொஞ்சம் எடை கொறையுதேன்னு, வண்டியத் தூக்கி அதுல வெச்சேன்.

ஏன் சிரிக்கறீங்க? தம்பி ஆசப்பட்ட பொருளு, அவனே எடுத்துக்கட்டுமேன்னு ஒரு நல்லெண்ணத்துல வெச்சதுங்க. அவனுக்கு மில்லு நடத்தத் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியும். யாரு யாருக்கு எது பொருந்துமோ அப்புடித்தான வெக்கோணும்? அவன் வண்டிய உட மாட்டான், எனக்குத் தெரியும். கோழி முட்டையிடறதுக்கு முன்னால எடம் பாத்து வட்டம் போடுமே, அப்புடி அந்த வண்டியச் சுத்திச் சுத்தி வாறவன். நான் அன்னிக்கு வெடியாலயே மில்லு மேஸ்திரிய வரச் சொல்லி, நாளையில இருந்து இன்னின்ன மாத்தம் பண்ணோணும்னு பேசியே வெச்சுட்டேன்.

எந்திரிச்சான் மருதாசலம். நேரா வண்டி கிட்டப் போனான். பானட்டு மேல கைய வெச்சுட்டு சித்த நேரம் நின்னான். நான் மனசுக்குள்ள, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்பறம் திரும்பி வந்து என்ற மொகத்தப் பாத்தான். பாத்துட்டு, 'மில்லுப் பங்கு நான் எடுத்துக்கறனுங்க மாமா'ன்னான்.

எங்க மாமன் வெத்தலையத் தட்டுல வெச்சு முடிச்சுட்டாரு. வெத்தல மாத்துன பொறவு ஒருத்தனும் ஒண்ணுஞ் சொல்ல முடியாது. கூடப் பொறந்தவன், கண்ணுக்கு முன்னால என்ற கழுத்த அறுத்துட்டான்.

அது கூடப் பரவால்லீங்க. அன்னிக்குப் பொழுதோட என்னயத் தேடிட்டு வந்தான். வந்து, கூசாம ஒரு பேச்சுப் பேசுனான் பாருங்க, அது இன்னிக்கு வரைக்கும் என்ற வயித்துல எரியுது. 'அண்ணா, இப்ப சந்தோசந்தான? உனக்கு அய்யனோட வண்டி வேணும்னு இருக்கறது எனக்குத் தெரியாதா? வேற எதுக்கு அத மோட்டாங்காட்டுக் கூட வெச்ச? வாய் உட்டுக் கேட்டிருந்தாலே குடுத்திருப்பனே. ஒரு நாளைக்குக் கூட நீ அதுல உக்காந்து ஓட்டல, மில்லே கதின்னு கெடந்த. இனி வெச்சுக்க'ன்னான். சொல்றப்பக் கண்ணுல தண்ணி வேற.

எப்புடி நடிப்பு! அந்த மாதிரிக் கேலி பண்ணுனா யாருக்குங்க பொறுக்கும்? எல்லாம் அவன் மாமனாரு சொல்லிக் குடுத்தது. வெளிய போடான்னு சொல்லிட்டேன். அன்னிக்கு அறுந்ததுதான்.

அந்த மோட்டாங்காடா? அது பக்கமாப் பொறவு பைபாஸ் வந்துச்சு. பனியன் கம்பெனிக்காரங்க வரிசையில நின்னு கேட்டாங்க. இந்த மச்சு வூடு, பஸ் ஸ்டாண்டு கிட்டப் பாத்திருப்பீங்களே ஒரு கல்யாண மண்டபம், எல்லாம் அந்தக் காட்ட வித்த காசுல வந்ததுதான். அதுவா இப்பப் பேச்சு? பின்னால வெல ஏறுச்சுங்கறதுக்காக முன்னால ஏமாத்துனது இல்லீன்னு ஆயிருமா?

மில்லு அவன் கையில நெலைக்கலீங்க. பருத்தி வரத்து நின்னு போச்சு, மெசினெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருச்சு. அவன் வாடக வேன் ஓட்டிப் பொழச்சான். அதுல எனக்கு ஒண்ணுஞ் சந்தோசமில்ல. மில்லக் கழட்டி ஏத்திட்டுப் போன அன்னிக்கு இங்க பாயாசம் வெக்கச் சொன்னேன், வாஸ்தவந்தான். ஆனா அன்னிக்கு வெள்ளிக்கெழம.

வண்டியக் கேட்டானான்னு கேக்கறீங்களா? வெல பேச வரல. 'அண்ணா, ஓட்டாம நிறுத்தி வெச்சா இஞ்சின் எறுகிப் போயிரும், மாசம் ஒருக்கா வந்து ஸ்டார்ட் பண்ணி உட்டுட்டுப் போறனே'ன்னு சொந்தக்காரங்க, ஒறம்பரைக்காரங்க கிட்டயெல்லாம் சொல்லி அனுப்புனான். அந்தச் செட்டு வாசல மிதிக்கக் கூடாதுன்னுட்டேன். எறுகட்டும். என்ற வண்டி, நான் எறுக உடறேன், உனக்கென்ன? புள்ள கல்யாணத்துக்குப் பத்திரிக்க வெக்க வந்தவன், 'பூங்கொடியக் குதரவண்டியில கூட்டிட்டுப் போனா எங்கய்யனே வந்த மாதிரி இருக்கும்'னு கேட்டான். அது ஓடாது போடான்னேன். 'ஓடும்ணா, ஓடும்'னு சிரிக்கறான். அந்தச் சிரிப்பப் பாத்து எனக்கு ஒடம்பெல்லாம் பத்துச்சு. நான் கல்யாணத்துக்குப் போகல.

போன வாரத்துக்கு முந்துன வாரம் நெஞ்சு வலின்னு படுத்தவன் எந்திரிக்கல. இந்த ரோட்டுலதான் எடுத்துட்டுப் போனாங்க. நம்ம கேட்டுக்கு முன்னால சித்த நேரம் நிறுத்துனாங்களாமா. நான் சன்னலச் சாத்திட்டு டீவி பாத்துட்டிருந்தேன். தெய்வான போறேன்னு கெளம்புனா. போனா திரும்பி இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொன்னேன். போகல. கட்டல்ல படுத்துட்டா. அந்த நேரத்துலதான் அவளுக்குப் பல்லு வலி ஆரம்பிச்சிருக்கோணும்.

ஏன் விக்கறீங்கன்னு கேட்டீங்கல்ல? என்னத்தச் சொல்றதுங்க. அவன் இருந்த வரைக்கும் அது அங்க நிக்கோணும். அவன் இந்த ரோட்டுல வேன் ஓட்டிட்டுப் போறப்பெல்லாம் அந்தச் செட்டப் பாத்துட்டுத்தான் போகோணும். இப்ப அவனே இல்ல. இனி யாருக்கு நான் குடுக்க மாட்டேன்னு சொல்றது? எனக்கு அதுல வேலையில்ல.

வாங்க, பாக்கலாம். சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்குது, எடுத்துட்டு வாறேன்.

இந்தாங்க. தூசியப் பாருங்க, எப்புடிப் படிஞ்சு கெடக்குதுன்னு. இதெல்லாம் இப்பக் காசு குடுத்தாலும் வராதுங்கல்ல? குனிஞ்சு பாருங்க, நல்லாப் பாருங்க. பானட்டா? அது எப்புடித் தொறக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. அட, நீங்களே தொறந்துட்டீங்க.

என்னங்க தம்பி, வெரல உட்டு எதத் தொட்டுப் பாக்கறீங்க?

ஆயிலு புதுசா? இருக்காதுங்க. அந்தக் காலத்து ஆயிலு கெடாம இருந்திருக்கும். பேட்டரியில போன ஜனவரின்னு போட்டிருக்குதா? எந்தப் பேட்டரி? நான் எதுக்குப் பேட்டரி வாங்கறேன்? பெல்ட்டு, ஓஸு எல்லாம் மாத்தியிருக்குதா? தம்பி, நீங்க வெல கொறைக்கறதுக்கு இந்த மாதிரி ஏதாச்சும் சொல்லாதீங்க. கை படாத வண்டி இது. நான் சத்தியம் பண்ணுவேன்.

சரி, ஸ்டார்ட் பண்ணித்தான் பாருங்க. அப்பத் தெரியும். எறுகிப் போயிருக்கும். பாத்தீங்களா, வரல. நான் சொன்னனல்லொ.

யாரு? தெய்வான, நீ எதுக்கு இங்க வந்த? அடுப்புல ஒண்ணும் இல்லியா?

பேசறாளே. தம்பி, பேசறா பாருங்க. ரெண்டு வாரங் கழிச்சுப் பேசறா, அதுவும் என்ற கிட்ட இல்ல, உங்க கிட்ட. என்ன சொல்றா? ஆக்சிலேட்டர ரெண்டு தடவ அமுத்தி உட்டுட்டு, பொறவு சாவியத் திருப்போணுமா? இவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க. ஏ, உனக்கெப்புடித் தெரியும் அதெல்லாம்? உன்னத்தான் கேக்கறேன்.

அய்யோ.

என்ன சத்தம் இது. எங்கய்யன் மில்லுக்குள்ள வந்து நொழைவாரே, அதே சத்தம். தகரமெல்லாம் அதிருது பாருங்க. கைய எடுத்துருங்க, போதும். நிறுத்துங்க. சரி, ஓடட்டும், ஓடட்டும்.

எதிர்வூட்டுல பாருங்க. அந்தப் பொம்பள துணி காயப் போட்டுட்டிருக்குது. இத்தன சத்தத்துக்குத் திரும்பிக் கூடப் பாக்கல. நாயி படுத்த எடத்துல படுத்திருக்குது. டீக்கடையில ஒருத்தன் எந்திரிக்கல. இவங்கெல்லாம் எத்தன தடவ கேட்டிருந்தா இப்புடி இருப்பாங்க? எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது. ஊருக்கே தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியல.

கிருத்திகைக்குக் கிருத்திகை நான் பழனிக்குப் போறனே, அன்னிக்கா? சொல்லு தெய்வான. அன்னிக்குத்தான் வருவானா? நீ சாவி எடுத்துக் குடுத்தியா? நான் அங்க மொட்ட வெயில்ல முருகா முருகான்னு படி ஏறிட்டிருப்பேன், இங்க நீயும் உன்ற கொழுந்தனும் என்ற செட்டத் தொறந்து, என்ற வண்டிய...

போறப்ப மறுபடியும் மேல தூசி அள்ளித் தூவிட்டுப் போவானாமா. கேளுங்க தம்பி இந்த அநியாயத்த. நான் சந்தேகப்படக் கூடாதுன்னு. இது திருட்டில்லாம வேற என்னங்க? கை படாத வண்டின்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். அதையும் பொய்யாக்கிட்டுப் போயிட்டான்.

என்ன? திருப்பிச் சொல்லு.

நங்கைன்னுதான் இவள அவன் கூப்புடுவான், அண்ணம் பொண்டாட்டிய அப்புடித்தான் கூப்புடுவோம். 'நங்கை, அண்ணனுக்கு என்னிக்காச்சும் இத ஓட்டிப் பாக்கோணும்னு தோணும். அன்னிக்கு ஓடாமப் போயிட்டா அண்ணன் மனசு ஒடஞ்சு போகும்'னு சொன்னானாமா. ஒவ்வொரு தடவையும் இதயேதான் சொல்லுவானாமா.

எனக்கு ஓட்டத் தெரியாது தம்பி. இந்த வண்டிய நான் ஒரு நாளும் ஓட்டுனதில்ல. அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் எதுக்கு இப்புடிப் பண்ணுனான்? என்னையக் கெட்டவனாக்கறதுக்குத்தான்? வேற எதுக்கா இருக்கும்? சொல்லுங்க, நீங்க படிச்சவங்க. செத்தும் என்னைய நிம்மதியா இருக்க உட மாட்டேங்கறான்.

தெய்வான, எங்க ஏறற? எறங்கு. அது விக்கற வண்டி. ஏ, எறங்குன்னு சொல்றனல்ல. சேலத் தலப்பு கதவுல மாட்டுது பாரு, உள்ள இழு. தம்பி, இவ என்ன சொல்றா உங்க கிட்ட? சத்தத்துல எனக்குக் கேக்கல. மருதாசலத்தூட்டுக்கு வழி சொல்றாளா? நேராப் போயி மாரியாத்தா கோயில் கிட்டத் திரும்போணும்னா? அதெல்லாம் அவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குது.

நீ போயிட்டா திரும்பி வாறதுக்கு இந்த வீடு இருக்காது, பாத்துக்க. அன்னிக்கு சொன்னதுதான் இன்னிக்கும்.

கேக்கறாளா பாருங்க. முன்னாடியே பாத்துட்டு உக்காந்திருக்கறா.

இருங்க தம்பி. எடுத்துராதீங்க. சித்த இருங்க, துண்ட எடுத்துட்டு வாறேன். நானும் வாறேன். நாளைக்குக் கருமாதிக்கு மூத்தவன் நிக்காம எப்புடி? ஊரு பேசாதா? அதுக்குத்தான். வேற ஒண்ணுக்கும் இல்ல.

இதுக்கென்னங்க ரெண்டே கதவுதான் இருக்குது? பின்னால எப்புடி ஏறறது? முன்னால இருக்கறவங்க எறங்கி, சீட்டச் சாச்சு உட்டாத்தான் போக முடியுமா? இல்லீங்க, நீங்க எறங்க வேண்டாம், உங்க பக்கமா நான் ஏற மாட்டேன். அவ எறங்கட்டும். கட்டுன பொண்டாட்டி எந்திரிச்சு வழி உடட்டும்.

தெய்வான. அம்மிணி. சித்த எந்திரி.

மாட்டேங்கறா தம்பி. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பா.